ஒன்பது பொருத்தமுள்ள குரோஷியாக்காரர்

அந்த மனிதர் விளையாடியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை. ஆயினும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வலிகாமத்தின் செம்மண் கிராமமொன்றில், அவருடைய இடது முழங்காலின் நிலைபற்றி உண்மையான கவலையோடு விசாரிப்பதற்குச் சிலர் இருந்தார்கள். அவர் குரோஷியா நாட்டவர். ஜேர்மனியில் இரண்டாந்தரக் கழகம் ஒன்றில் மத்திய களத்தில் உதைபந்து ஆடியவர். புகழ்பெற்றவர் அல்லர். அந்த நகரத்தைத் தாண்டினால் ஜேர்மனியரே அவரை அறிந்திருக்க மாட்டார்கள் என்பதை நான் பின்னர் உணர்ந்தேன்.

அவர் எங்களை வந்தடைந்த வழி மிக நேரானது. என் நெருங்கிய நண்பனின் தமையன் அந்த நகரத்து உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். உணவகத்தின் முதலாளி குரோஷியர். ஞாயிறுதோறும் அங்கே சாப்பிட வந்த இந்த ஆட்டக்காரருக்கும் தமையனுக்கும் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரே வரிசையில் நின்று வீசாவை நீடித்துக்கொள்பவர்கள். இருவர் நாட்டிலும் யுத்தம். பேசுவதற்கு வேறென்ன வேண்டும்? ஒருநாள் அவர் தம்முடைய படம் அச்சிட்ட அட்டையொன்றில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தமையன் அதைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார்.

அட்டையின் பின்புறத்தில் பிறந்த திகதி, பிறந்த ஊர், உயரம், நிறை, முன்னர் விளையாடிய கழகங்கள் யாவும் இருந்தன. கடலோரச் சிறுபட்டினம் ஒன்றில் தொடங்கி, தலைநகருக்குப் போய், நாட்டில் சண்டை தொடங்கிய ஆண்டில் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய பெயரில் மெய்யெழுத்துகள் நெருக்கமாக நின்றதால் வாசிகசாலையில் மூன்று வகையான உச்சரிப்புகள் உருவாகி, மூன்றுக்கும் ஆதரவாளர் சேர்ந்து, ஒற்றுமைக்குப் பங்கம் வரும்போல இருந்தது. செயலாளர் என்ற முறையில் நான் தலையிட்டு, இனி அவரைக் 'குரோஷியாக்காரர்' என்றே குறிப்பிடுவதென்று முடிவு செய்தேன்.

என் நண்பனை அந்த அட்டையில் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, குரோஷியாக்காரரும் அவனும் ஒரே ஆண்டில், ஒரே ஐப்பசி மாதத்தில் பிறந்திருந்தார்கள். மற்றது, அவர் இத்தனை கழகங்களுக்கு விளையாடியும் அடித்த கோல்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். என் நண்பனும் மத்திய கள ஆட்டக்காரன்.

எங்கள் ஊரில் அந்தச் சொல் வழக்கில் இல்லை. "ஹாஃபிலை நிக்கிறவன்" என்பார்கள், ஏதோ பஸ் தரிப்பில் நிற்பவனைப்போல. எங்கள் பார்வையாளர்கள் அறிந்த வீரர்கள் இரண்டு வகையினர்: கோல் அடிப்பவர், கோலைத் தடுப்பவர். எங்கள் கழகத்துக்காகக் கோல் அடித்தவர் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு கடற்றொழிலாளி. கோல் விழுந்ததும் அவரைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றி வருவார்கள். பந்தை அவருடைய காலடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவன் அந்நேரம் மைதானத்தின் நடுவில் தனியே நின்று, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான்.

அவனுடைய தகப்பனார் வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற கமக்காரர். ஒரேயொருமுறை ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் மகனிடம் கேட்டார்: "நீ பந்தை எடுக்கிறாய். எடுத்து எடுத்து மற்றவனுக்குக் குடுக்கிறாய். பேந்து ஏன் எடுக்கிறாய்?"

இதற்கான பதில் என் நண்பனுக்கு அட்டையோடுதான் வந்தது. பந்தை எடுத்து மற்றவனுக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், அதற்காகவே ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று தகப்பனுக்குக் காட்டினான். தகப்பனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாத்திரியாரிடம் போனார்.

சாத்திரியார் எங்கள் ஊரின் சோதிடர். எழுபது கடந்தவர், நல்ல மனிதர், பார்வை மங்கியவர். தகப்பனார் வெங்காயம் நடுவதற்கும், இறைப்பு இயந்திரத்தைத் திருத்தக் கொடுப்பதற்கும் அவரிடம் நாள் கேட்பவர். நண்பனுடைய சாதகக் குறிப்பை அவன் பிறந்தபோது எழுதியவர் சாத்திரியார்தான். எண்பத்தேழாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அந்தக் குறிப்பு பெட்டகத்தோடு எரிந்துபோனது. ஆனால் அது தம் நினைவில் இருப்பதாகச் சாத்திரியார் சொன்னார். நினைவிலிருந்தே பலனும் சொன்னார்: இந்தப் பெடியனுக்குக் காலால் ஒரு முன்னேற்றமும் இல்லை.

அன்றோடு நண்பனுடைய விளையாட்டு நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் பருத்தித்துறையில் நடந்த ஆட்டத்தில் எங்கள் முன்வரிசை முழுநேரமும் மிகுந்த ஒழுங்கோடு பந்துக்காகக் காத்திருந்தது. பந்து வரவில்லை.

நான் அப்போது புவியியலில் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல், வாசிகசாலையின் செயலாளராகவும் அதன் கையெழுத்துச் சஞ்சிகையின் ஆசிரியராகவும் இருந்தேன். மூடநம்பிக்கை ஒரு சமூகத்தின் உற்பத்தித் திறனை எவ்வாறு பாதிக்கிறது என்று தொடர்ந்து ஆசிரியத் தலையங்கம் எழுதிவந்தேன். அதை வாசித்தவர் நண்பன் ஒருவனே. அவனுடைய உற்பத்தித் திறன்தான் இப்போது பாதிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டேன். குரோஷியாக்காரருடைய பிறப்பு விபரத்தை, ஆள் யாரென்று சொல்லாமல், அதே சாத்திரியாரிடம் கொடுப்பது. அவர் வழக்கம்போல எதையாவது சொல்வார், இவர் எழுதுவினைஞராக வருவார் என்றோ புகையிலை வியாபாரம் செய்வார் என்றோ. அதன் பிறகு அட்டையை எடுத்துத் தகப்பனாருக்கு முன்னால் வைப்பது. அறிவியல் முறைப்படி இதில் பிழை எதையும் நான் காணவில்லை.

குறையாக இருந்தது பிறந்த நேரம் மட்டும். நண்பன் தமையனுக்கு எழுதினான். பதில் வர மூன்று மாதங்கள் சென்றன. அந்தக் கடிதத்தை வாசிகசாலையில் உரத்து வாசித்தோம். கேள்வியைக் கேட்டதும் குரோஷியாக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். அத்தனை பத்திரிகைக்காரரும் அவரிடம் முழங்காலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பிறந்த நேரத்தைக் கேட்டவர் எவருமில்லையாம். அவருக்கே அது தெரியாது. ஊரிலிருந்த தாயாரைத் தொலைபேசியில் பிடிக்கச் சண்டையினால் இரண்டு வாரம் முடியவில்லை. பிடித்ததும் தாயார் ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறார்: மீன் தகரத்திலடைக்கும் தொழிற்சாலையின் பகல் இரண்டு மணிச் சங்கு ஊதியது, மருத்துவிச்சி திடுக்கிட்டாள், பிள்ளை வந்துவிட்டான்.

இரு நாடுகளுக்கும் இடையிலான நேர வேறுபாட்டை நான் நெடுங்கோட்டுக் கணக்கிலும் வானொலி நேரத்திலும் சரிபார்த்தேன். அவர் பிறந்தபோது எங்கள் ஊரில் மாலை ஆறரை மணி. அந்தத் திகதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, பெயரில்லாமல், சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். ஆள் யாரென்று கேட்டார். வேண்டிய ஒருவர் என்றேன். அது பொய்யல்ல.

ஒரு வாரத்தின் பின்னர் சாத்திரியார் குறிப்பை விரித்துவைத்துப் பலன் சொன்னபோது என்னுடைய பரிசோதனை என் கண்முன்னே சரிந்தது.

"தம்பி, இந்தப் பெடியன் ஓரிடத்திலை நிக்கமாட்டான்," என்றார். "காலாலைதான் சீவியம். அந்நிய தேசத்துச் சோறு. முன்னுக்கு நிண்டு பேர் எடுக்க மாட்டான், மற்றவையை வெல்ல வைப்பான். இடது காலிலை ஒரு கவனம் வேணும். செவ்வாய் ஏழிலை நிக்குது, அதாலை பெண்சாதியும் செவ்வாய் உள்ளவளாய் இருக்கவேணும்."

நான் நன்றி கூறிவிட்டு வெளியே வந்தேன். அந்த மாதச் சஞ்சிகையில் தலையங்கத்துக்குப் பதிலாக மரநடுகையின் பயன்களைப் பற்றி எழுதினேன்.

விடயம் அத்துடன் முடிந்திருக்கவேண்டும். முடியாததற்குக் காரணம் சாத்திரியாரின் ஒழுங்கு. எழுதுகின்ற ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பிரதி எடுத்துக் கட்டி வைப்பது அவர் வழக்கம். சில மாதங்களில் புரோக்கர் ஒருவர் நண்பனுடைய வீட்டுப் படலையைத் திறந்தார். கொடிகாமத்தில் ஒரு பெண் இருக்கிறாள், முன்பள்ளி ஆசிரியை, தகப்பன் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். குறிப்பைத் தந்தால் பொருத்தம் பார்க்கலாம் என்றார். தகப்பனார் சாத்திரியாரிடம் ஓடினார். சாத்திரியார் கட்டை அவிழ்த்துத் தேடினார். அதே ஆண்டு, அதே ஐப்பசி. கொண்டுவந்தவன் வாசிகசாலைச் செயலாளர், அவனுக்கு 'வேண்டிய ஒருவர்'. எங்கள் ஊரில் நானும் நண்பனும் ஒரே சைக்கிளில் திரிந்தவர்கள். எனக்கு வேண்டியவர் வேறு யாராக இருக்க முடியும்? பிரதியை எடுத்து நீட்டினார். முன்னர் நினைவிலிருந்து சொன்னது சற்றுப் பிசகிவிட்டது என்றும், எழுத்தில் இருப்பதுதான் சரியென்றும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

இவ்வாறாகக் குரோஷியாக்காரருடைய குறிப்பு கொடிகாமத்துக்குப் போனது. பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று திரும்பி வந்தது.

மகனுக்குக் காலால்தான் சீவியம் என்று அறிந்த தகப்பனார் அன்று பின்னேரமே அவனை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். அதுமுதல் எல்லை ஓரத்தில் நின்று, அவன் ஏன் இன்னும் குறிப்பில் உள்ளபடி ஆடவில்லை என்று எங்கள் பயிற்றுநரைக் கேட்கத் தொடங்கினார்.

நண்பன் என்னிடம் வந்தபோது அவன் முகத்தில் மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக இருந்தன. கொடிகாமத்துப் பெண்ணை அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் ஆண்டுக்கு முன்னர் அங்கே ஆடப் போனபோது அவன் முழங்கால் உரிந்தது. மைதானத்துக்கு அருகிலிருந்த முன்பள்ளியிலிருந்து மருந்துப் பெட்டியோடு வந்து மஞ்சள் மருந்து போட்டுக் கட்டியவள் அவள். அதற்குப் பிறகு அவன் கொடிகாமம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற வேலையைத் தானாகவே பொறுப்பேற்றிருந்தான். அந்த ஆர்வத்தை நான் கமத்தொழில் முன்னேற்றமென்று சஞ்சிகையில் பாராட்டியும் இருந்தேன். பெண்ணுக்குச் செவ்வாய் தோசம். அதனால் மூன்று இடங்களில் பேசிக் குழம்பிவிட்டது. நான்காவதாக இதுவும் குழம்பினால், பிறகு யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அவர்கள் வீட்டில் பயந்திருந்தார்கள்.

"மச்சான், நீ ஒண்டும் கதையாதை," என்றான். "உன்ரை தலையங்கம் எல்லாத்தையும் நான் திரும்ப வாசிக்கிறன்."

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் விவாதம் ஓயவில்லை. முதலில் தர்க்கரீதியாக அணுகினேன். சோதிடம் பொய்யென்றால் யாருடைய குறிப்பைக் கொடுத்தாலும் பாதகமில்லை. சோதிடம் மெய்யென்றால் நண்பனுடைய உண்மையான குறிப்பு எப்படியிருந்தாலும் நடப்பது நடக்கும். இரண்டு வழியிலும் நான் குற்றமற்றவன். இந்த முடிவு என்னை ஒன்றரை நாள் ஆறுதல்படுத்தியது. அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்தேன். அவள் சோதிடத்தை நம்புகிறாளோ இல்லையோ, ஒன்பது பொருத்தம் என்று அவளிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நாளை ஒரு துன்பம் வந்து, உண்மை தெரியவந்தால், முதலில் அவளைத்தான் சுற்றத்தார் குற்றம் சொல்வார்கள். அந்தக் குற்றச்சாட்டின் முதல் வரியை நெடுங்கோட்டுக் கணக்குச் செய்து எழுதியவன் நான்.

நண்பனுக்கும் நிம்மதி இல்லை. சோதிடத்தை நம்பாதவனென்று சொல்லிக்கொண்டே இடது முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கினான். கலியாணத்தை அந்தக் குறிப்பின்மேல் கட்டியபின் குரோஷியாக்காரருக்கு வருவதெல்லாம் தனக்கும் வருமோ என்று பயம். ஜேர்மனிக் கடிதம் என்றால் முதலில் அவரைப் பற்றிய பகுதியை வாசிப்பான். சொந்தத் தமையனுடைய சுகம் இரண்டாம் பட்சம். முதலில் அவரை ஆட்டத்தில் இறக்காமல் இருக்கையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று வந்தது. அடுத்ததாக இடது முழங்காலில் சத்திரசிகிச்சை. நண்பன் அடுத்த ஆட்டத்தில் நொண்டினான். வைத்தியரிடம் கொண்டுபோனோம். காலில் எதுவுமில்லை என்று அவர் சொன்னதும், கடிதம் வந்த திகதியை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத் திரும்பி வந்தோம்.

மூன்றாவது கடிதத்தில் குரோஷியாக்காரர் முந்தின ஆண்டே கலியாணம் முடித்திருந்தார் என்றும், எட்டு மாதத்தில் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், இப்போது அவர் மூன்றாந்தரக் கழகமொன்றுக்கு மாறி, பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே வந்து சாப்பிடுகிறார் என்றும் இருந்தது. பதிவு முடிந்திருந்தது; தாலி கட்ட நாற்பது நாள் இருந்தது. நண்பன் கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, "இதை நீயே வைச்சிரு," என்றான்.

மறுநாள் காலை நான் சைக்கிளில் கொடிகாமம் புறப்பட்டேன். அவனிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் விளையக்கூடிய தீமைகள், சொல்லாவிட்டால் விளையக்கூடியவை என இரண்டு பட்டியல்களைச் சாவகச்சேரி வரை மனதுக்குள் தயாரித்தேன். எதிர்காற்று பலமாக இருந்ததால் முதலாவது பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ஸ்ரேசன் மாஸ்ரர் உயர்ந்த, மெலிந்த மனிதர். யுத்தத்தால் ரயில் நின்று மூன்று ஆண்டுகளாகியும் காலையில் வெள்ளைச் சேட்டும் கறுத்தச் சப்பாத்தும் அணிந்தே இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்படியே இருந்தார். நான் அட்டையை மேசையில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மூன்றாவது கடிதத்தை மட்டும் தக்க சந்தர்ப்பத்துக்காக வைத்திருந்தேன். அவர் இடைமறிக்காமல், தாமதம் பற்றிய அறிக்கையொன்றைக் கேட்பவரைப்போலக் கேட்டார். பிறகு அட்டையை எடுத்துத் தூரப்பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வடிவான பெடியன்," என்றார். "கலியாணம் முடிச்சிட்டானோ?"

இந்தக் கேள்வியை நான் எந்தப் பட்டியலிலும் சேர்த்திருக்கவில்லை.

"முடிச்சவர், ஐயா. எட்டு மாசத்திலை மனுசி விட்டிட்டுப் போட்டா."

"செவ்வாய் இல்லாதவளாய்ப் பாத்து முடிச்சிருப்பான்," என்று அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "இஞ்சை ஒம்பது பொருத்தத்தோடை ஒரு பிள்ளை இருக்க."

அப்போது மகள் தேநீரோடு வந்தாள். தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அப்பா, அது அவரின்ரை குறிப்பு இல்லையெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "எழுத்து முடிஞ்ச கிழமையே சந்தையிலை வைச்சு அவர் எனக்குச் சொல்லிப்போட்டார்."

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். அது நடந்து இரண்டு மாதமாகிவிட்டது. தாலி கட்டுவதுதான் மீதி. அந்த இரண்டு மாதமும் நான் சுமந்த இரகசியம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் எப்போதோ இறக்கிவைக்கப்பட்டிருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"பேந்து ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?" என்று தகப்பன் கேட்டார்.

"சொன்னால் நீங்கள் இப்ப யோசிக்கிறமாதிரி யோசிப்பியள் எண்டுதான்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் வந்து சொன்னது நல்லது. ஆனால் இவ்வளவு தூரம் உழக்கிவந்த நீங்கள் அவையின்ரை குசினிக்கை ஒருக்கால் எட்டிப் பாத்திருக்கலாம். அவரின்ரை அம்மாட்டை ஆரும் கேட்டனீங்களோ, பிள்ளை எப்ப பிறந்ததெண்டு?"

ஐரோப்பாவின் மறுகோடியில், சண்டைக்குள் அகப்பட்டிருந்த ஒரு தாயைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். வேலியைத் தாண்டினால் நண்பனுடைய தாயார் இருந்தார். அவர் கையால் வாரம் இரண்டு நாள் நான் புட்டுச் சாப்பிட்டேன். குறிப்பு எரிந்ததும் தகப்பனார் சாத்திரியாரிடம் போனார்; சாத்திரியார் தம் நினைவுக்குப் போனார்; நான் ஜேர்மனிக்குப் போனேன். பெற்றவளிடம் ஒருவரும் போகவில்லை. சமூகத்தைப் பற்றி அத்தனை தலையங்கங்கள் எழுதியவனுக்கு இது தோன்றாமற் போனதை என்னால் இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை.

ஸ்ரேசன் மாஸ்ரர் எழுந்து சைக்கிளை எடுத்தார். குறிப்பில்லாத கலியாணத்துக்குத் தாம் சம்மதிக்கப்போவதில்லை, எழுத்து முடிந்திருந்தாலும் தாலி ஏறவிடப்போவதில்லை, உண்மையான நேரம் கிடைத்து அது பொருந்தினால் மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உழக்கத் தொடங்கினார். அறுபத்திரண்டு வயதில் அந்த எதிர்காற்றை அவர் பொருட்படுத்தவில்லை. திரும்பும்போது காற்று எங்களுக்குப் பின்னால் வீசியது என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது.

பிற்பகல் இரண்டு மணியளவில் நண்பனுடைய வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சாத்திரியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். தாம் பலன் சொன்ன ஆள் ஒரு குரோஷியர் என்று அறிந்ததும் அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையை மூக்கருகில் பிடித்துப் பார்த்து, இடது முழங்கால் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்டு, முகம் மலர்ந்தார். "கடல் தாண்டியும் சரியாய்ச் சொல்லியிருக்கிறன்," என்று தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார். என் பரிசோதனையின் முழுப் பயனும் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

நண்பன் மதிலோரம் நின்றான். அவனுடைய வாழ்வைத் தீர்மானிக்கும் கூட்டத்திலும், வழக்கம்போல, யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

தாயாரைக் கூப்பிட்டார்கள். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குசினி வாசலிலேயே நின்றார்.

"கந்தசட்டி மூண்டாம் நாள்," என்றார். "நான் விரதம் பிடிக்க ஏலாமல் போச்சு. விடிய மெயில் கோச்சி கூவேக்கை பிள்ளை பிறந்தது."

சாத்திரியார் பஞ்சாங்கத்தைத் திறந்தார். மெயில் கோச்சி என்றால் காலை ஆறரை மணி ரயில் என்று தகப்பனார் உதவினார்.

"இல்லை," என்றார் தாயார். "அண்டைக்குக் கோச்சி பிந்திப்போச்சு. மாடு கறந்து, பால் காச்சி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாம் போனாப்பிறகுதான் கூவினது. மழை எண்டால் அப்பிடி ஒரு மழை."

"எவ்வளவு பிந்தினது?" என்று சாத்திரியார் கேட்டார். அது தமக்கு எப்படித் தெரியும் என்றார் தாயார். தகப்பனார் வானத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஐப்பசிக் காலையில் ஒரு ரயில் எத்தனை மணி தாமதித்தது என்பதை அந்த முற்றத்தில் யார் அறிவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரேசன் மாஸ்ரர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

"தங்கச்சி," என்றார் தாயாரிடம், "கோச்சி ஒருக்காலோ கூவினது, ரெண்டு தரமோ?"

"ரெண்டு தரம், ஐயா. ரெண்டாவது நீட்டா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அந்த ஆண்டு கந்தசட்டி மழையில் கொடிகாமத்துக்கு மேற்கே பாதையை வெள்ளம் அரித்துவிட்டது என்றார். தாம் அப்போது அங்கே உதவி மாஸ்ரர். மெயிலை மறித்துவைத்து, பாதை சரியாகும்வரை மழைக்குள் கொடியோடு நின்று, பிறகு அனுப்பினாராம். வழியில் மாடு நிற்குமென்பதால் கடவைதோறும் இரண்டு முறை ஊதும்படி சாரதிக்குச் சொல்லியனுப்பியதும் தாம்தானாம்.

"மூண்டு மணித்தியாலம் இருபது நிமிசம்," என்றார். "அறிக்கை எழுதினது நான். எழுதுங்கோ சாத்திரியார், ஒம்பது ஐம்பது."

சாத்திரியார் எழுதினார். கணிப்பு முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அதுவரை ஸ்ரேசன் மாஸ்ரர் அந்த மழையைப் பற்றியும், மெயிலில் இருந்தவர்களுக்கு ஊர்ச்சனம் பாணும் தேநீரும் கொடுத்ததைப் பற்றியும் தாயாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் நின்ற பிறகு ஒருவரும் அவரிடம் ஒரு ரயிலைப் பற்றிக் கேட்டதில்லை. தாயாரும் தம் பக்கத்து மழையைச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் முன்னர் கேட்டதில்லை. இடையில் குசினிக்குத் திரும்பவேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

கடைசியில் சாத்திரியார் பேனையை மூடினார். "பத்துக்கு ஐஞ்சு," என்றார் தயக்கத்தோடு. "செவ்வாய் இருக்கு. ஆனால் அவ்வளவு பலமில்லை."

தகப்பனார், முன்னையது ஒன்பது என்று யாருக்கோ நினைவூட்டப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அது அன்றைய என் பங்களிப்பு.

ஸ்ரேசன் மாஸ்ரர் எழுந்து, பிள்ளை எங்கே என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகே நண்பன் மதிலைவிட்டு முன்னால் வந்தான். அவர் அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். அட்டையைப் பார்த்தபோது சொன்னதைப் போல வடிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"உன்னாலைதான் எனக்கு அண்டைக்கு மூண்டு நாள் காய்ச்சல்," என்றார்.

நண்பன் மன்னிப்புக் கேட்டான். அது அவன் குற்றமல்ல என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் தாயாரின் பக்கம் திரும்பி, தாலிக்குப் பொன்னுருக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும், முகூர்த்த நேரத்தைச் சாத்திரியார் குறிக்கட்டும், ஆனால் குறித்த நேரத்துக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும் என்றும், தமக்குப் பிந்துவது பிடிக்காது என்றும் சொன்னார்.

தாயார் அவரிடம், "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ, சம்மந்தி," என்றார்.